ஓட்ஸ் போட்டேன், ஓடு வந்தது

கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு எதையாவது ரசித்து நான் பார்த்ததே இல்லை. நான் செய்கிற எதையும் கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டுதான் பார்ப்பாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கறுக் முறுக் என்று எதையோ மென்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு தெய்வீகக் களை.

"என்னது அது?" என்றேன்.

"ஓட்ஸ், பாதாம், முந்திரி. தேன்ல பிரட்டி அவன்ல சுட்டது."

"எவன் சுட்டது?"

"அவன்லங்க! கரன்ட் அடுப்பு. சுட்டது எங்க அத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தான் என்றால் அவள் அக்கா புருஷன். எனக்குச் சகலை. தொழில் வக்கீல். வாய்தா தவிர வேறெதையும் வாங்கி வரத் தெரியாத மனுஷன்.

"அவருக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதே!"

"அதெல்லாம் பழைய கதை. இப்போ ஞாயித்துக்கிழமைன்னா சமையலறை அவரோடது. அக்கா காலை நீட்டிக்கிட்டு பேப்பர் படிக்கறா." ஒரு பெருமூச்சு விட்டாள். "குடுத்து வச்சவ."

அந்தப் பெருமூச்சில் ஜன்னல் திரை ஆடியது. என் மானமும் ஆடியது.

"இதென்ன பெரிய வித்தை? நானும் செய்வேன். நான் யாரு? டைல்ஸ் ஃபேக்டரியில தரம் பாக்கறவன். ஆயிரத்து இருநூறு டிகிரி சூளையை தினம் கட்டி மேய்க்கறேன். இந்த அடுப்பெல்லாம் எனக்குத் தூசு!"

"வேணாங்க. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

அதை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அன்பாகச் சொன்னாள். பதினேழு வருடம் குடித்தனம் நடத்தியவன் அந்தக் குரலைக் கேட்டு உஷாராகியிருக்க வேண்டும். நான் உசுப்பேறினேன்.

மறுநாள் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அவளுக்கு இல்லை. அவள் பல் டாக்டர். நாலு தெரு தள்ளிச் சொந்த கிளினிக். ஒரு மணிக்குச் சாப்பிட வருவாள். அதற்குள் டப்பாவை நிரப்பி மேஜையில் வைத்து, பக்கத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தேன்.

செல்போனில் செய்முறை பார்த்தேன். நூற்றைம்பது டிகிரி, முப்பது நிமிடம், நடுவில் ஒரு தடவை கிளற வேண்டும். முப்பது நிமிடம் எதற்கு? இருநூற்றைம்பதில் வைத்தால் பதினெட்டே நிமிடம். சின்னப் பிள்ளைக் கணக்கு. முந்திரியைக் கொட்டினேன். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு ஸ்விட்சையும் போட்டேன்.

ஒன்பதாவது நிமிடம் புகை வந்தது. கதவைத் திறந்தேன். உள்ளே எது ஓட்ஸ், எது பருப்பு, எது தட்டு என்று பிரித்தே சொல்ல முடியாத கறுப்பு. இந்த வீட்டில் என் பருப்பு வேகாது என்பது ஊரறிந்த சங்கதி. கருகவும் செய்யும் என்று அன்றுதான் தெரிந்தது. பாதாமை நம்பியதற்குப் பேசாமல் அவள் பாதத்தைப் பிடித்திருக்கலாம்.

மணி பதினொன்று. மனம் தளரவில்லை. மிச்சமிருந்த ஓட்ஸ், பாதாம் முழுவதையும் போட்டேன். நன்றாக ஒட்டட்டும் என்று ஒரு பாட்டில் தேனையும் கவிழ்த்தேன். சந்தேகத்துக்கு நாலு கரண்டி சர்க்கரை. இந்தத் தடவை ஒழுங்காக நூற்றைம்பது டிகிரிதான் வைத்தேன். ஆனால் கிளறவில்லை. எங்கள் ஃபேக்டரியில் சூளைக்குள் வேகும் ஓட்டை யாரும் நடுவில் கிளறுவதில்லை. அதற்குப் பதிலாக, பழக்கதோஷத்தில், டம்ளரின் அடிப்பாகத்தால் தட்டிச் சமப்படுத்தினேன். மூலை மட்டம் பார்த்தேன். குமிழி இல்லாமல் அழுத்தினேன்.

ஆறியதும் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன்.

'டங்' என்றது.

முதல் தரமான ஓடுதான் அந்தச் சத்தம் போடும். ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. கத்தியை வைத்து அழுத்தினேன். கத்தி வளைந்தது. சுத்தியலை எடுத்தேன்.

நாலாவது அடியில் வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டுக்காரர். டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சார், சுவர் எதையாவது இடிக்கறீங்களா?"

"இல்ல சார். சமைக்கறேன்."

"எதை?"

"தின்பண்டம் சார். ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்களேன்."

வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது செல்லாது" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தரம் பார்ப்பது என் தொழில். அதில் டிக்கெட் பார்த்தவருக்கு என்ன வேலை? அந்தத் துண்டை முன்பல்லுக்கு நடுவில் வைத்து, கண்ணை மூடி, ஒரே கடி.

'கடக்'!

ஆஹா, மொறுமொறுப்பு என்று நினைத்தேன். வெள்ளையாக ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. பாதாமுக்குத் தோல் உரித்த ஞாபகம் இல்லையே என்று யோசித்துக்கொண்டே நாக்கால் தடவினேன். மேல் வரிசையில் காற்றோட்டமாக இருந்தது.

ஐயோ! பல்!

வேறு டாக்டரிடம் ஓடிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஊரில் உள்ள இன்னொரு பல் டாக்டர் என் மனைவியோடு படித்தவள். நான் வாயை மூடுவதற்குள் அவள் போனைத் திறந்துவிடுவாள். வேறு வழியில்லை. பல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, மனைவியின் கிளினிக்குக்கே போனேன்.

என்னைப் பார்த்ததும் அவள் பதறிவிட்டாள். உண்மையாகவே பதறினாள். நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, உதடு இரண்டையும் கொக்கி மாட்டி விலக்கி, வாய் நிறையப் பஞ்சைத் திணித்தாள்.

"பேசாதீங்க. அசையாதீங்க. ஒண்ணுமில்ல, சரி பண்ணிடலாம்."

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. இரண்டு கையிலும் உறை. நர்ஸம்மா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அவள் அக்கா குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் அடுப்புப் பக்கம் போனாரா இல்லையா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேலே விளக்கைப் பார்த்தேன்.

"போனாருக்கா. பல்லு ஒடைஞ்சு இங்கதான் படுத்திருக்கார்."

"எத்தனை?"

"ஒண்ணு."

"பரவாயில்லையே! எங்க வக்கீலுக்கு ரெண்டு. கூட்டிட்டு வரேன், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை எங்களுக்குக் குடு."

நான் விளக்கிலிருந்து கண்ணை இறக்கினேன்.

"நீ சொல்லிக்குடுத்த மாதிரியேதான் சொன்னேன்" என்றாள் அக்கா. "தங்கச்சி புருஷன் கைப்பட செஞ்சு அனுப்பினாருன்னு டப்பாவைத் திறந்து வச்சு, கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு வாய் மென்னேன். அவ்வளவுதான். விடிஞ்சதும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டார்! ரெண்டு டப்பாவும் ஒரே கடையில வாங்கினதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாதே, பாவம்."

கடையில் வாங்கியது! இரண்டு சகோதரிகள், இரண்டு டப்பா, இரண்டு முட்டாள்கள்!

"டாக்டர், சாருக்கு ரொம்ப வலிக்குது போலிருக்கு. கண்ணு ரெண்டும் பிதுங்குது" என்றார் நர்ஸம்மா.

"வலிக்கலைம்மா. புரியுது."

போனை வைத்ததும் மனைவி என் பக்கம் குனிந்தாள். "பல்லு போகும்னு மட்டும் சத்தியமா நினைக்கலைங்க. ஞாயித்துக்கிழமை ஒருநாளாவது நான் காலை நீட்டி உக்காரணும்னுதான்." என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அடுத்த கணமே நிமிர்ந்தாள். "நாளையிலேர்ந்து ஞாயித்துக்கிழமை மூணு வேளையும் நீங்க. இஷ்டமில்லேன்னா இப்பவே வாயைத் திறந்து சொல்லிடுங்க."

வாய் திறந்துதான் இருந்தது. சிக்கலே அதுதான். 'மாட்டேன்' என்று சொல்ல உதடு ஒட்ட வேண்டும். 'முடியாது' என்பதற்கும் அப்படியே. உதடு இரண்டும் கொக்கியில் தொங்கின. 'வேண்டாம்' சொல்ல மேல்பல் வேண்டும். அது என் சட்டைப்பையில் இருந்தது. 'இல்லை' என்றால் நாக்கு எழும்ப வேண்டும். அதன் மேல் பஞ்சு உட்கார்ந்திருந்தது. இத்தனை பெரிய தமிழில் எனக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு எழுத்து.

"ஆ..!" என்று அலறினேன்.

"'ஆகட்டும்'னு சொல்றார்" என்றாள் மனைவி. "நீங்களும் கேட்டீங்கல்ல, நர்ஸம்மா?"