பிக்கர்டைக் ஆலையின் தொட்டி ரகசியம்

ஹாலிஃபாக்ஸ்,
9 மே 1957

அன்பு மில்ட்ரட் அக்காவுக்கு, தம்பி கிளெமென்ட் பணிவுடன் எழுதுவது. நானும் ஐவியும் சுகம். கடல் காற்றில் உன் முழங்கால் தேறியிருக்கும் என்று நம்புகிறோம்.

முதலில் நல்ல சேதி: என் வேலை போகவில்லை, பென்ஷனும் போகவில்லை. மூன்று நாளாக இந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் உருக்குக் கம்பி ஆலைக்கு இந்த மாதம் நூறு வயது. நாற்பத்தொரு வருடக் குமாஸ்தா என்பதால், ஆலையின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நிறுவனர் ஜோசையா பிக்கர்டைக் மதுவின் வாடையே ஆகாத பக்தர். கம்பியைத் துளை வழியே இழுக்கும் முன் அவர் ஏதோ ரகசியத் திரவத்தில் ஊறவைத்ததால்தான் நம் பியானோக் கம்பிக்கு இத்தனை நல்ல பேர் என்பது ஊருக்கே மனப்பாடம். அது என்ன திரவம் என்று தேடப்போய், அந்தக் காலத்து மேஸ்திரியின் குறிப்பேடு கையில் சிக்கித் தொலைத்தது. வேறொன்றுமில்லை அக்கா, புளித்த பீர்! தொட்டியில் ஊற்றச் சொல்லி ஜோசையா மூக்கைப் பொத்திக்கொண்டு பீப்பாய் பீப்பாயாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். நம் ஆட்கள் அதை முதலில் தங்கள் வயிற்றில் ஊற்றிக்கொண்டு, அரைமணி கழித்து வரிசையில் நின்று தொட்டியை நிரப்பியிருக்கிறார்கள். கம்பி முன்னைவிட வழுக்கிக்கொண்டு வந்ததாம்!

நான் புத்தகத்தில் கௌரவமாக 'விசேஷத் திரவம்' என்றுதான் எழுதினேன். தட்டச்சு செய்யும் பெரில், நான் தனியாகக் குறித்து வைத்த பக்கத்தையும் சேர்த்து அடித்து நேரே முதலாளி மேசைக்கு அனுப்பிவிட்டாள். இன்று காலை கூப்பிட்டார். போய் நின்றேன்.

"ஆக்டன், இதெல்லாம் நெசமாய்யா?"

"நெசந்தாங்க ஐயா."

"எங்க கொள்ளுத்தாத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. தரம் கூடிடுச்சேன்னு ஆளுக்கொரு பைபிள் பரிசு குடுத்திருக்காருங்க."

மனிதர் மேசையில் கவிழ்ந்துவிட்டார். மாரடைப்பு என்று நினைத்தேன், சிரிப்பு! "எங்கப்பா சாகற வரைக்கும் எங்கிட்டயே இதைச் சொல்லலய்யா! ஒரு எழுத்து மாத்தாம அச்சுல போடு."

அப்பாடா! வீடு திரும்பி இரண்டு தட்டு இறைச்சிப் பணியாரம் சாப்பிட்டேன். ஐவி அழுதேவிட்டாள். இனி எனக்கு ஒரு கவலையும் இல்லை. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கடவுள் உங்களைக் காப்பாராக.

உன் தம்பி,
கிளெமென்ட் ஆக்டன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பெரில் ஓடிவந்தாள். விழாவில் அசல் பழைய முறைப்படியே ஒரு சுருள் இழுத்துக் காட்ட வேண்டுமென்று முதலாளி சொல்லிவிட்டாராம். இரண்டு பீப்பாய் பீர் வந்திறங்கிவிட்டது. போதகரும் மேயரின் மனைவியும் மேடையில் வீற்றிருக்க, தொட்டியைத் தொடங்கி வைக்கும் கௌரவம் ஆலையின் மூத்த ஊழியருக்காம். அது நான்தான் அக்கா.