கால் டிகிரி சாய்வு

பின்டயர்கள் இரண்டும் மறுபடியும் வழுக்கையாகிவிட்டிருந்தன.

கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் ஒரு சாக்கை விரித்து, மண்டி போட்டு, டயரின் வெட்டுக்குள் அளவுகோலை நுழைத்துப் பார்த்தார். நுழைக்க வெட்டு என்று ஒன்று இருந்தால்தானே. முன்டயர்கள் மட்டும் முதல் நாள் பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகளைப் போலப் பளிச்சென்று நின்றன.

"என்ன ஆச்சு?" என்று மனைவி ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"பின்னாடி ரெண்டும் போச்சு."

"அடடா," என்றாள். ஜன்னல் மூடிக்கொண்டது.

யார் கண்ணில் எத்தனை டிகிரி கோணல் என்று கண்டுபிடித்து அதற்கேற்பக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது அவருடைய தொழில். மனைவி மயக்க மருந்து டாக்டர். ஆப்பரேஷன் மேஜையில் படுத்திருப்பவரிடம் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்வாள். இதுவரை யாரும் ஆறைத் தாண்டியதில்லை. வீட்டிலும் அவள் குரல் அதே அளவில்தான் இருக்கும். அவளோடு சண்டை போடத் தொடங்கிய இரண்டொரு முறையும் கண்ணாடிக் கடைக்காரர் பாதியிலேயே கொட்டாவி விட்டிருக்கிறார்.

கார் சிவப்பு. இரண்டு பேருக்குத்தான் இடம். பின்சக்கரங்கள் தள்ள, முன்சக்கரங்கள் வழிகாட்ட, ரோட்டோடு ரோடாகப் படுத்துக்கொண்டு ஓடும் ஸ்போர்ட்ஸ் கார். பத்து வயதில் முடிவெட்டும் கடைக் காலண்டரில் அதைப் பார்த்து, ஒரு காதை வெட்டுப்பட விட்டவர் அவர். வாங்கும்போது தலைமுடி நரைத்து, நரைத்ததும் உதிர்ந்திருந்தது. ஓடிய தூரம் காட்டும் மீட்டர் வேலை செய்யவில்லை. "தூரத்தை எல்லாம் எண்ணிப் பார்க்கறவங்க இந்த வண்டி வாங்க மாட்டாங்க சார்," என்று விற்றவர் சொன்னது அவருக்கு ஒரு பாராட்டாகவே பட்டது.

வார நாட்களில் அவர் கடைக்குப் பஸ்ஸில் போவார். கடைத்தெருவில் காரை விட்டால் யாராவது உரசிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏரிவரை போய்த் திரும்புவார். சைக்கிள்காரர்கள் அவரை முந்தும்போது வணக்கம் சொல்லி, நலம் விசாரித்துவிட்டுப் போக நேரம் இருந்தது. முதல் திருப்பத்திலேயே மனைவி தூங்கிவிடுவாள்.

அப்படி ஓடிய கார் டயரைத் தின்றது என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

காரணத்தை மைத்துனன் கண்டுபிடித்தான். மனைவியின் தம்பி. குடும்பத்தில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். எதையும் படித்ததில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் வீடியோ பார்த்திருந்தான்.

"மாமா, பின்சக்கரம்தானே வண்டியைத் தள்ளுது? அவ்வளவு பாரத்தையும் இந்த ஒல்லி டயர் எப்படித் தாங்கும்? அகலமாப் போடுங்க. பாரம் பரவும், தேயாது."

"இவ்வளவு சுலபமா மாப்ள?"

"பெரிய விஷயமெல்லாம் சுலபம்தான் மாமா."

டயர் கடையில் அலைன்மென்ட் மாஸ்டர் காரைத் தூக்கி நிறுத்தி, பழைய டயரை உள்ளங்கையால் தடவினார். பிறகு கண்ணாடிக் கடைக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு சார் வண்டி ஓட்டறது?"

"நான்தான்."

"பார்த்தா தெரியல," என்றார் மாஸ்டர். குரலில் மரியாதை இருந்தது. அன்று டீ மாஸ்டருடைய செலவு.

பின்னால் அகல டயர் ஏறியது. காரின் இடுப்பு பெருத்து, பார்க்க ஒரு மிடுக்கு வந்துவிட்டது. ஆனால் வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசி, தொண்டை கட்டிய ஆள் எதையோ சொல்ல வருவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. பெட்ரோலும் முன்னைவிட வேகமாக இறங்கியது.

"அகல டயர் பெட்ரோல் குடிக்கும் மாமா. அது அப்படித்தான்," என்றான் விஞ்ஞானி.

உரசலுக்கு மாஸ்டரிடம் வழி இருந்தது. "சக்கரத்தோட தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்ச்சிடலாம் சார். கேம்பர்னு சொல்வோம். ரேஸ் வண்டி எல்லாம் அப்படித்தான் நிக்கும்."

ரேஸ் என்ற சொல் கேட்டதும் கண்ணாடிக் கடைக்காரர் மறுபேச்சு பேசவில்லை. உரசல் நின்றது. சாய்ந்த சக்கரத்தின் உள்விளிம்பு மட்டும் ரோட்டில் அழுந்தி, சில வாரங்களில் நூல் தெரிய ஆரம்பித்தது. வெளியிலிருந்து பார்த்தால் புது டயர். குனிந்து உள்ளே பார்த்தால் கிழிந்த பனியன்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வேலிக்கு மேல் தலை நீட்டினார். கார் வந்த நாளிலிருந்தே அவருக்கு அதன்மேல் ஒரு கண்.

"என்ன சார், மறுபடியும் வலியா? முத்திப் போறதுக்குள்ள பிடுங்கிடணும். எப்பச் சொன்னாலும் நான் வாங்கிக்கறேன்."

அவர் சிரித்தபோது முப்பத்திரண்டும் சரியான அலைன்மென்ட்டில் இருந்தன. கண்ணாடிக் கடைக்காரருக்கு அதுதான் தாங்கவில்லை.

அடுத்து, சக்கரங்கள் பார்க்கும் திசை மாற்றப்பட்டது. நடக்கும்போது சிலருக்குக் கால்விரல் உள்ளே பார்க்கும், சிலருக்கு வெளியே பார்க்கும். சக்கரத்துக்கும் அப்படி உண்டு. உள்விளிம்பைக் காப்பாற்ற மாஸ்டர் பின்சக்கரங்களைச் சற்றே வெளியே பார்க்க வைத்தார். அன்றிலிருந்து காரின் பின்பக்கத்துக்கு ஒரு சொந்த அபிப்பிராயம் வந்துவிட்டது. ஈரத் தரையில் அவர் வலப்பக்கம் திருப்ப, பின்பக்கம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. பல் டாக்டரின் பூந்தொட்டி உடைந்தது.

"முன்னாடி ஒல்லி, பின்னாடி குண்டுன்னா பேலன்ஸ் எப்படி மாமா வரும்? முன்னாடியும் அகலமாப் போடுங்க," என்றான் விஞ்ஞானி.

"நீதானேடா பின்னாடி மட்டும் போதும்னே?"

"அது போன மாசம் மாமா."

நான்கும் அகலமாயின. ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் ஒரு வைராக்கியமும் தேவைப்பட்டது. அது போதாதென்று, அகலமான முன்டயர்கள் ரோட்டில் எங்கே பள்ளத்தைக் கண்டாலும் அதற்குள் இறங்கி அதன் வழியே போகத் தொடங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்கள் ஓடி ஓடிப் பதித்த தடத்தைப் பிடித்துக்கொண்ட கார், அவர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பஸ் நிறுத்தத்துக்குள் நுழைந்து, நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றது. குடையோடு ஒரு பெரியவர் கதவைத் திறந்தார்.

"மார்க்கெட் போகுமா?"

"இது பஸ் இல்லைங்க."

"அப்ப ஏன் இங்க நிறுத்தறீங்க?"

அவர் எட்டிக் கதவைச் சாத்தினார். பக்கத்து சீட்டில் மனைவி கண்ணைத் திறக்காமல், "முன்னாடி ஒல்லி டயரே இருந்திருக்கலாம்," என்றாள். தூக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார்.

அந்த வாரம் அளந்தபோது பின்டயர் மறுபடியும் மொட்டை. இந்த முறை உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்ற பேதமே இல்லாமல் முழுக்க.

கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவருக்குத் திடீரென்று எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. விஞ்ஞானியிடம் ஒரு மாற்றுச் சாவி இருக்கிறது.

"நீ வண்டியை எடுக்கறியா?" என்று அன்று சாயங்காலமே கேட்டார்.

"மாமா! எனக்கு கியர் வண்டி ஓட்டவே தெரியாது."

"இத்தனை வீடியோ பார்த்தியே?"

"பார்த்ததோட சரி."

அவர் நம்பவில்லை. மாற்றுச் சாவியைப் பிடுங்கினார். தன்னுடைய சாவியையும் சேர்த்து மனைவியின் கையில் கொடுத்தார். வீட்டில் பொறுப்பான ஆள் அவள்தான்.

"பத்திரமா வெச்சிரு. நான் கேட்டாலொழிய யாருக்கும் குடுக்காதே."

"யாருக்கும் குடுக்க மாட்டேன்," என்றாள். சாவிகள் கைப்பைக்குள் போயின.

அடுத்த ஜோடி டயர் முந்தியவற்றில் பாதி நாள்கூடத் தாங்கவில்லை. அவர் மைத்துனனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அவன் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு, காற்றழுத்தம் பற்றி ஒரு யோசனை சொல்ல ஆரம்பித்தான். அவர் எழுந்து போய்விட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"முடிவு பண்ணிட்டேன். இன்னும் ஒரு ஜோடி. அதுவும் தேஞ்சா பல் டாக்டருக்கே குடுத்துடறேன்."

மனைவியின் கரண்டி பாதியில் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கை அப்படி நின்று அவர் பார்த்ததில்லை.

"அவசரப்படாதீங்க."

"உனக்குத்தான் அந்த வண்டியே பிடிக்காதே. உட்கார்ந்ததும் தூங்கிடறே."

"அதுக்காக? நீங்க ஆசைப்பட்டு வாங்கினது." கொஞ்சம் யோசித்தாள். "இன்னொரு தடவை அலைன்மென்ட் பண்ணிப் பாருங்களேன். இந்தத் தடவை யார் பேச்சையும் கேட்காதீங்க. கோணலைப் பத்தி உங்களைவிட அவங்களுக்கு என்ன தெரியும்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளாக வீட்டிலேயே இருந்த ஒரு ரசிகையை அவர் கவனிக்காமல் இருந்திருக்கிறார்.

கடையை ஒரு நாள் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கண் லென்ஸுக்குக் கணக்குப் போடுவது போலவே சக்கரத்துக்கும் போட்டார். முன்னால் பழைய ஒல்லி டயர். பின்னால் அகல டயர். இரண்டு பின்சக்கரமும் கால்விரல் பட்டும் படாமல் உள்ளே பார்க்க வேண்டும். தலை உள்ளே சாய வேண்டும், ஆனால் கால் டிகிரி மட்டும்.

"கால் டிகிரியா? மெஷின்லயே கண்ணுக்குத் தெரியாது சார்," என்றார் மாஸ்டர்.

"எனக்குத் தெரியும்."

மாஸ்டர் வைத்துக் கொடுத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அளந்தார். தேயவில்லை. இரண்டாவது ஞாயிறு அளவுகோலைத் துடைத்துவிட்டு அளந்தார். தேயவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. புது டயரின் மேல் மீசை போல் நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முடி, அதுகூட உதிரவில்லை. தன் தலையில் காப்பாற்ற முடியாததை அவர் டயரில் காப்பாற்றிவிட்டார்.

அவருடைய நடையே மாறியது. கண்ணாடி வாங்க வந்தவர்களுக்குக் கால் டிகிரியின் மகத்துவத்தை விளக்கினார். சிலர் கண்ணாடி வாங்காமலே போனார்கள். பல் டாக்டரை வேலியருகே அழைத்து, குனிய வைத்து, டயரைக் காட்டினார்.

"முடி பாருங்க டாக்டர். ஒண்ணுகூடக் கொட்டல."

பல் டாக்டர் தொட்டுப் பார்த்தார். "ஆச்சரியமா இருக்கு சார்," என்றார். முதல்முறையாக அவர் பல் தெரியச் சிரிக்கவில்லை.

விஞ்ஞானி அக்காளிடம் கேட்டான். "எப்படிக்கா இது? எந்த வீடியோவிலயும் இப்படி இல்லையே."

"உங்க மாமாவோட கணக்குடா," என்றாள் அவள். லீவு நாள் முழுக்க நன்றாக ஓய்வெடுத்தவள் போல முகம் தெளிந்திருந்தது. அவளுக்கு வாரத்தில் வியாழக்கிழமை லீவு. அன்று பகல் முழுவதும் தூங்குவதாகச் சொல்லுவாள்.

மாஸ்டருக்கும் போன் போட்டுச் சொன்னார். மறுமுனையில் நீண்ட இருமல் கேட்டது.

"தேயவே இல்லையா சார்?"

"கொஞ்சம்கூட."

"சந்தோஷம் சார்," என்றார் மாஸ்டர். ஏதோ துக்க வீட்டில் பேசுவதுபோல இருந்தது. தொழில்காரன், பொறாமை இருக்கத்தானே செய்யும் என்று கண்ணாடிக் கடைக்காரர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பொறாமைப்பட்டாலும் நன்றி என்று ஒன்று உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாஸ்டருக்காகத் தன் கையால் செய்த வெள்ளெழுத்துக் கண்ணாடியை அழகான பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டார். மனைவியிடம் சாவி கேட்கலாம் என்றால் அவள் அவசர ஆப்பரேஷன் என்று முதல் நாள் காலையில் போனவள் இன்னும் திரும்பவில்லை. சாவிகள் மேஜைமேலேயே இருந்தன. கடைத்தெருவுக்கு முதன்முறையாகக் காரிலேயே கிளம்பினார். கால் டிகிரி காரை யார் உரசிவிட முடியும்?

டயர் கடையில் மாஸ்டர் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். கல்லாவில் முதலாளியின் அக்கா உட்கார்ந்திருந்தார். இவரை அவர் பார்த்ததில்லை. ஆனால் வாசலில் நின்ற சிவப்புக் காரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர எழுந்தார்.

"மாஸ்டருக்கு ஒரு சின்னப் பரிசு கொண்டுவந்தேன்," என்று கண்ணாடிக் கடைக்காரர் பெட்டியை மேஜையில் வைத்தார். "இந்த வண்டியோட பின்டயர் விஷயமா."

"அதானே பார்த்தேன்!" என்று அந்த அம்மாள் உள்ளேயிருந்து பளபளக்கும் அகல டயர் இரண்டை உருட்டிக்கொண்டு வந்தார். "வியாழக்கிழமை ஆனா மைதானத்துல வட்டம் அடிச்சு அடிச்சு ரெண்டையும் தேய்ச்சுத் தீர்த்துட்டு மேடமே பறந்து வந்து மாத்திட்டுப் போவாங்க, நேத்து ஆளையே காணோமேன்னு கவலையா இருந்துச்சு சார்!"