வேருக்குக் கட்டம் இல்லை

தாவரங்களுக்கு வேர் என்று ஒன்று இருக்கிறது என்னும் பழங்கால நம்பிக்கையை இந்திய மண்ணிலிருந்து முதன்முதலாக அகற்றிய பெருமை, எண்பத்திரண்டாம் வருஷம் சங்கரன்கோவிலில் இயங்கிய ஓர் அரசு அலுவலகத்துக்கே உரியது. அலுவலகத்தின் பெயரைச் சொல்லப் பணி விதிகள் இடம் தரவில்லை. அங்கே உதவியாளனாக இருந்து அந்த அரும்பணியில் பங்கேற்றவன் நான் என்பதை மட்டும் அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் அதிகாரி ஆறுமுகச்சாமி ஒரு மேதை. மக்காச்சோளத்துக்கு யூரியா போட்டால் என்ன ஆகும் என்று விவசாயிகளுக்குக் காட்ட ஒரு 'செயல்விளக்கத் திடல்' அமைக்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. வேறு யாராவது என்றால் மண்ணைப் பார்த்திருப்பார்கள். அவர் ரோட்டைப் பார்த்தார். குருவிகுளம் ரோட்டோரம் வெள்ளத்துரை என்பவருக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. ஜீப்பிலிருந்து இறங்காமலே அதைப் பார்வையிடலாம். வெள்ளத்துரைக்கு அதைவிட்டால் வேறு நிலம் கிடையாது. அவரும் மனைவி கோமதித்தாயும் மூன்று பிள்ளைகளும் அதில் விளைவதை வைத்துத்தான் வருஷத்தை ஓட்ட வேண்டும். அது படிவத்தில் கேட்கப்படாத விவரம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பத்து சென்டை மட்டும் யூரியா போடாமல் விட வேண்டும் என்பது விதி. விட்டோம். மற்ற இடத்துக்கு ஒரு மூட்டை போதும் என்று புத்தகம் சொன்னது. அதிகாரி மூன்று மூட்டை என்று திருத்தினார்.

"தழைச்சத்துன்னா தழை தெரியணும் வே. ஜீப்புல போறவன் கண்ணுக்குத் தெரியாத சத்து என்ன சத்து?" என்று எனக்கு விளக்கினார்.

இரண்டு மூட்டை போட்டதிலேயே தழை தெரிந்தது. முப்பதாம் நாள் பயிர் கரும்பச்சையாக இடுப்புயரம் நின்றது. யூரியா காணாத பத்து சென்ட் வெளிறிப்போய் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது. மேலதிகாரி ஜீப்பில் வந்து, ஜீப்பில் இருந்தபடியே தலையசைத்துவிட்டுப் போனார். அந்தத் தலையசைப்பைக் கோப்பில் பதிவு செய்தோம்.

மறுநாள் வெள்ளத்துரை அலுவலகத்துக்கு வந்தார். மண்வெட்டியால் பக்குவமாகத் தோண்டி எடுத்த இரண்டு பயிர்களை அதிகாரியின் மேஜைமேல் வைத்தார். வெளிறிய பயிரின் வேர் ஒரு முழத்துக்கு மேல் நீண்டிருந்தது. கரும்பச்சைப் பயிரின் வேர் ஒரு சாண்கூட இல்லை.

"நல்லாப் பாருங்க சார். யூரியா மேலாலயே கெடக்கு. அதனால இது மேலாலயே தின்னுட்டு சும்மா இருக்கு, கீழ எறங்க மாட்டேங்கு. அது பசியில தேடித்தேடி எறங்கியிருக்கு. ஈரம் கீழதான சார் கெடக்கு? மழை நின்னுட்டா எம் பயிரு அம்புட்டும் போயிரும். மூணாவது மூட்டையப் போட வேண்டாம் சார்."

அதிகாரி படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் நிதானமாகப் படித்தார். உயரம், இலையின் நிறம், தண்டின் பருமன், பார்வையிட்ட அலுவலரின் மேலான கருத்து, எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது.

"வேருக்குக் கட்டம் இல்லையே வே. இல்லாத ஒண்ணு நீளமா இருந்தா என்ன, குட்டையா இருந்தா என்ன?"

இதைக்காட்டிலும் தெளிவாக எந்த விஞ்ஞானியும் பேசியிருக்க முடியாது. ஆனாலும் வெள்ளத்துரைக்கு விளங்கவில்லை. திடலிலிருந்து விலகினால் அடுத்த வருஷம் விதை கிடைக்காது என்று நான்தான் அவருக்கு அன்போடு விளக்கினேன். மேஜையில் சிந்திய மண்ணைத் துடைத்ததும் நான்தான். மூன்றாவது மூட்டையும் வயலில் இறங்கியது.

கார்த்திகையில் மழை நின்றது. வானம் எங்களைக் கலந்து ஆலோசிக்கவில்லை. தாலுகா முழுவதும் பயிர் வாடியது என்றாலும், முதலில் வாடிய பெருமை எங்கள் திடலுக்குத்தான். இருபது நாளில் அந்தக் கரும்பச்சை சுருண்டு, காற்றில் சாய்ந்து, கதிர் பிடிக்காமல் படுத்துவிட்டது. பத்து சென்ட் மட்டும் நோஞ்சானாக நின்று, சின்னச் சின்னதாகக் கதிர் ஈன்றது.

அந்த நேரம் பார்த்து, அறுவடையைக் காண மேலதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அலுவலகமே கலங்கியது. ஆறுமுகச்சாமி கலங்கவில்லை. திடலுக்கு என்னை அழைத்துப் போய், அங்கிருந்த இரண்டு பலகைகளையும் காட்டினார். ஒன்றில் 'யூரியா இட்டது', இன்னொன்றில் 'யூரியா இடாதது'.

"பயிரப் பிடுங்கி மாத்தி நட்டாச் செத்துப்போவும். பலகைக்கு அந்தக் கவல இல்ல" என்றார்.

கடப்பாரையை எடுத்துப் பலகைகளை இடம் மாற்றி நட்டவன் நான். வெள்ளத்துரை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலதிகாரி ஜீப்பிலிருந்தே பலகைகளைப் படித்து மகிழ்ந்தார். பத்து சென்டில் விளைந்தது ஒன்றரை மூட்டை. அதை நூற்று நாற்பது சென்டுக்குப் பெருக்கி, இருபத்தொரு மூட்டை 'அமோக விளைச்சல்' என்று அறிக்கை அனுப்பினோம். விளைந்த ஒன்றரை மூட்டையைக் கண்காட்சிக்கு என்று ஜீப்பில் ஏற்றினோம். மண்ணைச் சோதித்தபோது, காய்ந்த மேல்மண்ணில் தழைச்சத்து அப்படியே மிச்சம் கிடந்தது. 'மண்வளம் பெருகியுள்ளது' என்று அதையும் சேர்த்துக்கொண்டோம். வட்டாரம் முழுக்க மூன்று மூட்டை என்று அடுத்த வருஷத்துக்கு உத்தரவாயிற்று. வெள்ளத்துரைக்கு 'மாதிரி விவசாயி' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் வழங்கினோம்.

தை முடிவதற்குள் வறட்சிப் பட்டியல் வந்தது. விளைச்சல் இல்லாத வீடுகளுக்கு அரசு தானியம் கொடுத்தது. அந்த ஊரில் எல்லார் பெயரும் இருந்தது, வெள்ளத்துரை பெயர் மட்டும் இல்லை. இருபத்தொரு மூட்டை விளைந்த வீட்டுக்கு எதற்கு நிவாரணம்?

கோமதித்தாய் அலுவலகத்துக்கு வந்தாள். அதிகாரி பதவி உயர்வில் மாறிப் போயிருந்தார், நான் மட்டும் இருந்தேன். சான்றிதழை என் முன்னால் வைத்தாள்.

"இதுல இருபத்தொரு மூட்டைன்னு எழுதியிருக்காம்லா. அதுல ஒரு மூட்டை மட்டும் தாங்க சார். மிச்சத்த நீங்களே வச்சுக்கிடுங்க. பிள்ளைக ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல."

நான் சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது யாரு எழுதுனது சார்?" என்று கேட்டாள்.

எங்கள் அலுவலகத்திலேயே அழகான கையெழுத்து என்னுடையதுதான். சான்றிதழ், அறிக்கை, பலகை எல்லாம் நான்தான் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தெரியாது என்றேன்.