தண்ணீர் படாத ரயில்

“தெரியாது” என்று வாய்விட்டுச் சொல்ல நான் கற்றுக்கொண்டது முப்பது வயதுக்குப் பிறகுதான். அதுவரை யார் எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியும். குற்றாலத்துக்கு எந்த பஸ் என்றாலும் தெரியும், பெங்களூருவில் எந்த ஏரியாவில் குடியிருக்கலாம் என்றாலும் தெரியும். (பெங்களூருவை நான் இன்னும் பார்த்ததில்லை.) சங்கரன்கோவிலில் அம்மன் பெயர் கோமதி என்பதால், அந்தப் பெயரில் தெருவுக்குப் பத்துப் பெண்கள் இருப்பார்கள். அதில் வாய் நீளமானவள் யார் என்று கேட்டால், எங்கள் தெருவில் எல்லா விரலும் என் வீட்டைத்தான் காட்டும். அந்த வாயை நம்பித்தான் ஒரு மனிதர் தன் மகளை என்னோடு அனுப்பினார்.

கல்லூரியில் நாங்கள் மூன்று பேர். நான், புளியங்குடியிலிருந்து வரும் பாத்திமா, இளையரசனேந்தலிலிருந்து வரும் மாரி. படிப்பு முடிந்த கையோடு மாரிக்குக் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஆபீஸ் வேலை கிடைத்தது. ஆவணி பிறந்ததும் சேர வேண்டும். அவள் அப்பா வேலுச்சாமி மாமாவுக்கு அதில் பெருமைதான். ஆனால் பெருமையைவிட பயம் பெரிதாக இருந்தது. மாரிக்குத் தண்ணியில் கண்டம் என்று ஜாதகத்தில் எழுதியிருந்தது. (அவள் ஊர் மானாவாரிப் பூமி. மழை பெய்தால்தான் தண்ணீரையே பார்க்கலாம். கண்டம் எந்த பஸ்ஸில் வந்து இறங்கும் என்று ஜோசியர் சொல்லவில்லை.) கல்லூரியில் குற்றாலத்துக்கு டூர் போனபோது அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். இப்போது கோயம்புத்தூரும் கைநழுவிவிடும் போலிருந்தது. தினமும் ஒரு பாட்டம் அழுதாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வருவதும் எங்கள் வீட்டில் எல்லோரும் கலவரமாவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.) மூன்று பேரும் ஒரு நாள் மதுரைப் பக்கம் இருக்கும் தீம் பார்க்குக்குப் போய், பத்திரமாகத் திரும்பி வந்து காட்டுவது. வெளியூர் போனால் பிள்ளை ஒழுங்காக வந்து சேருவாள் என்று மாமாவுக்கு ஒரு தைரியம் வரும்.

“பார்க்குன்னா தண்ணி கெடக்குமே தாயி?” என்றார் மாமா.

“கெடக்கும் மாமா. நாங்க அந்தப் பக்கமே திரும்ப மாட்டோம். ராட்டினம், ரயிலு, அவ்வளவுதான். எனக்கு எல்லாம் அத்துப்படி மாமா.”

(எனக்குத் தெரிந்த ராட்டினம், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எங்கள் ஊருக்கு வரும் ராட்டினம் ஒன்றுதான். அதிலும் பாதியில் நிறுத்தச் சொல்லி ஊரைக் கூட்டியவள் நான்.)

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடியும் எடுத்து உதறினார். கடைசியில் சொன்னார்: “சரி. காலையில போயிட்டு, பொழுது அடையுமுன்ன வந்துரணும். பிள்ள தல நனையாம வரணும். அப்படி வந்துட்டான்னா கோயம்புத்தூரப் பத்திப் பேசுவோம். நனைஞ்சு வந்தா, அந்தப் பேச்ச இனிமே எடுக்கப்பிடாது.”

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், முதல் பஸ்ஸிலேயே கிளம்பினோம். ராஜபாளையம் தாண்டும் வரை மாரி ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. அவள் அப்பா இல்லாமல் அவ்வளவு தூரம் போவது அதுதான் முதல் தடவை. பார்க்கில் நுழைந்ததும் நான் டூர் கைடாக மாறிவிட்டேன். குட்டி ரயில், சுற்றும் கோப்பை, ஆடும் கப்பல் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் கொடுத்தேன். தண்ணீர்ப் பக்கம் மட்டும் மாரியைத் திரும்பவே விடவில்லை. நானா இவ்வளவு பொறுப்பானவள் என்று எனக்கே கண் கலங்கியது.

மத்தியானம் ஒரு மணிக்கு, “கடைசியா ஒண்ணு போயிட்டு கெளம்புவோம்” என்று ஒரு வரிசையில் நிறுத்தினேன். நாங்கள் நின்ற இடத்திலிருந்து மேலே ஏறும் தண்டவாளம் மட்டும்தான் தெரிந்தது. தண்டவாளம் இருந்தால் அது ரயில்தானே.

“ஏட்டி கோமதி, அங்கன எறங்கி வாரவங்க எல்லாம் நனைஞ்சு வாராங்களே?” என்றாள் பாத்திமா.

“வெயிலப் பாத்தியா? வேர்வை அது.”

“வேர்வை இப்படியா சொட்டும்?”

“பயத்துல வார வேர்வை அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும்.”

ஏறி உட்கார்ந்தோம். மடிக்கு மேல் இரும்புக் கம்பி இறங்கியது. வண்டி டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தது. இது ஏன் படகு மாதிரி இருக்கிறது என்ற சந்தேகம் எனக்குப் பாதி உயரத்தில்தான் வந்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் எட்டிப் பார்த்தேன். கீழே குளம் போலத் தண்ணீர். தண்டவாளம் நேராக அதற்குள் போனது.

அந்த நிமிஷம் கண்ணுக்கு முன்னால் வேலுச்சாமி மாமாவின் துண்டு வந்து நின்றது. அடுத்து என் வாய் திறந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆடித்தபசுக்குக் கொடியேறிய பிறகு, வேண்டிக்கொண்டவர்கள் கோயிலை இத்தனை தடவை என்று சுற்றி வருவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர்.

“அம்மா கோமதி! மாரி தலையில தண்ணி படாம எறக்கி விட்டுரு! பதினோரு ஆடிச்சுத்து சுத்துதேன்!”

வண்டி நிற்கவில்லை.

“இருவத்தியொண்ணு! அம்பத்தியொண்ணு!”

புளியங்குடி எலுமிச்சை ஏலத்தில்கூட விலை இவ்வளவு வேகமாக ஏறாது. உச்சியில் வண்டி ஒரு நொடி நின்றது. எனக்குப் பதில் வந்துவிட்டதாக நினைத்தேன்.

“மூணு பேரும் சுத்துதோம்! ஆளுக்கு நூத்தியெட்டு! உயிரோட எறக்கி விட்டாப் போதும் தாயே!”

தண்ணீர் படாமல் என்று ஆரம்பித்தது, உயிரோடு என்று முடிந்துவிட்டது. அம்மன் அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. ஆளுயரத்துக்குத் தண்ணீர் எழுந்து எங்கள் மேல் விழுந்தது. உயிரோடு இறங்கினோம். மாரி தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தாள். ஒரு செருப்பைக் காணோம். நான் ஓவென்று அழுதேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏட்டி, இன்னொரு வாட்டி போவோமா?” என்றாள்.

அவளைப் பிடித்து இழுத்து வெயிலில் நிறுத்தினேன். வத்தல் காயப்போடுகிற மாதிரி திருப்பித் திருப்பி நிறுத்தினேன். வழியில் ஒரு கடையில் பழைய செருப்பின் நிறத்திலேயே புதுச் செருப்பு வாங்கினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து, பாத்திமா தன் துப்பட்டாவால் அவள் முடியைத் துவட்டிக்கொண்டே வந்தாள். உடுப்பு காய்ந்துவிட்டது. அந்தத் தடித்த சடை மட்டும் காயவே இல்லை.

பொழுது அடையும் முன்பே சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். மாமா நின்றிருந்தார். மகளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். சடையை ஒரு தடவை தடவினார். “சாப்டியா?” என்று மட்டும் கேட்டார். கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் கோயம்புத்தூரைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, கேட்க மாரிக்கும் தைரியமில்லை.

கொடியேறியது. வேண்டியதைச் செய்யாவிட்டால் என்ன ஆகுமோ என்று மாரிக்கு உதறல். எங்கள் வீட்டில் தங்கித் திருவிழா பார்க்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். பாத்திமா விஷயத்தைத் தெளிவாக முடித்தாள்.

“என்னைக் கேட்டா வேண்டுன? வாயி உன்னுது. காலும் உன்னுதாவே இருக்கட்டும்.”

ஆக எனக்கு இருநூற்றுப் பதினாறு. ஒரே நாளில் முடிகிற காரியமா? தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினோம். பாத்திமா வாசலில் உட்கார்ந்து, சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்தாள். கூட்டத்தில் எல்லோரும் ஒரே திசையில் போவதால் முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. மூன்றாம் நாள் மாரிக்குக் கால் வலித்து நடை தளர்ந்தது.

“கொஞ்சம் வழி விடுங்க தாயி” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினோம். வேலுச்சாமி மாமா. வெறுங்கால், வேர்வையில் நனைந்த துண்டு.

“நீ என்னட்டி இங்கன?”

“நீங்க என்னப்பா இங்கன?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். “நீங்க பார்க்குக்குப் போன பஸ்ஸு கெளம்புன ஒடனே வேண்டிக்கிட்டேன். பிள்ள முழுசா வந்து சேந்தா நூத்தியெட்டு சுத்துதேன்னு.”

மாரிதான் பேசினாள்.

“அப்பா, நான் நனைஞ்சிட்டேன்ப்பா. தண்ணிக்குள்ளயே விழுந்தோம்.”

“தெரியும். சடையத் தொட்டுப் பாத்தேன்லா. காலுல புதுச் செருப்பு வேற.”

“தெரிஞ்சும் ஏன்ப்பா கேக்கல?”

“கேட்டுட்டா, கோயம்புத்தூரப் பத்திப் பேச முடியாமப் போயிருமேட்டி” என்றார் மாமா.

மாரி அந்த இடத்திலேயே அழுதாள். நானும் அழுதேன். பின்னால் வந்தவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள். மாமா என் பக்கம் திரும்பினார்.

“எவ்வளவு ஒசரத்துல இருந்து விழுந்திய?”

“மூணு தென்னமரம் இருக்கும் மாமா.” (ஒன்றுதான் இருக்கும்.)

“தல முங்குச்சா?”

“முங்குன மாதிரிதான் மாமா.”

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. “அப்ப கண்டம் கழிஞ்சிட்டு” என்றார். “நட. மிச்சத்தச் சுத்துவோம். கோயம்புத்தூருக்கு எந்த பஸ்ஸுல போனா நல்லதுன்னு யோசிச்சியா?”

அப்பாவும் மகளும் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். எனக்குச் சுத்தமாக முடியவில்லை. மிச்சத்தை அடுத்த வருஷம்தான் முடித்தேன்.

மாரி ஆவணியில் வேலைக்குப் போனாள். அங்கேயே கல்யாணமாகி, இப்போது ஒரு மகளும் இருக்கிறாள். பாத்திமா புளியங்குடியில் டீச்சர். மாரி வீட்டில் அன்றிலிருந்து என் பெயர் பரிகாரம். “பரிகாரம் வந்திருக்கா, காப்பி போடு” என்றுதான் அவள் அம்மா, எங்கள் அத்தை, அடுக்களைக்குள் குரல் கொடுப்பாள். அவர்கள் சொந்தக்காரப் பிள்ளைகளில் யாருக்காவது ஜோசியர் தண்ணீரைக் காட்டி எதையாவது சொன்னால் போதும், பரீட்சை லீவுக்கு என் தலைமையில் பார்க்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதுவரை நான்கு பேரை நனைத்துக் கூட்டி வந்திருக்கிறேன்.

இந்த லீவுக்கு மாரி மகளோடு வருகிறாள். பாத்திமாவும் சேருகிறாள். போன வாரம் மாமா போன் பண்ணினார். எழுபதைத் தாண்டிவிட்டார்.

“ஏளா, இந்த வாட்டி எனக்கும் ஒரு டிக்கெட்டு போடு.”

“உங்களுக்கு என்ன மாமா, ஜோசியர் ஏதும் சொன்னாரா?”

“ஜோசியர் ஒண்ணும் சொல்லல தாயி” என்றார். “எம்பிள்ள அன்னைக்கு எங்கன இருந்து விழுந்தாள்னு நானும் ஒரு தடவ பாக்கணும்லா.”