பேரிக்காய்க்கு ஒரு செயற்குழு

டுலூத் நகரத்தில் அறிவாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஒரே ஒரு பேரிக்காயை எதிர்கொள்ள எட்டு வாரம் ஆயத்தம் செய்த மேதை லீஃப் ஹாகன் ஒருவர்தான்.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. அவருடைய ஆறு மாதக் குழந்தை இங்காவுக்கு முதன்முதலாக அரிசிக் கூழ் ஊட்டி இரண்டு மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது. நிற்கவில்லை. வெளிறித் துவண்ட குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு மனைவி மாரிட் காரில் உட்கார, லீஃப் மருத்துவமனைக்கு விரட்டினார். இங்கா பிழைத்தாள்.

"அரிசி அவ குடலுக்கு ஒத்துக்கல. இனிமே வேண்டாம்" என்றார் மருத்துவர். "ரெண்டு வாரம் போகட்டும். அப்புறம் பேரிக்காயை வேகவச்சு மசிச்சு, காலையில கால் ஸ்பூன் கொடுங்க. நாலு மணி நேரம் கண் வச்சிருங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? ஒரு நிறுவனத்தின் 'இடர் மேலாண்மை' அதிகாரியான லீஃபுக்கு இதைவிட அவமானம் உண்டா? மருத்துவர் சொன்னது திட உணவு. லீஃப் தீட்டியது திட்ட உணவு. சனிக்கிழமைதோறும் வரவேற்பறையில் செயற்குழு கூடியது. தலைவர் லீஃப். செயலாளர் அவர் தம்பி ஆர்னே. 'தர ஆலோசகர்' அலுவலகத் தோழி புரூடென்ஸ்.

"கால் ஸ்பூன்னா, எந்த ஸ்பூன்ல கால்?" என்று ஆர்னே கேட்ட கேள்வியிலேயே மூன்று சனிக்கிழமைகள் கழிந்தன.

"பேரிக்காயில காம்பு இருந்த பக்கமா, அடிப்பக்கமா?" என்றார் புரூடென்ஸ். "அதை முடிவு பண்ணாம அடுப்பையே பத்தவைக்கக் கூடாது."

"துணைக்குழு போட்டுடலாம்" என்றார் லீஃப்.

"எட்டு வாரமாச்சு லீஃப்" என்றாள் மாரிட். "நாம சாப்பிடறப்ப நம்ம வாயையே பார்க்கறா."

"பால்தான் குடிக்கறாளே. அவசரப்பட்டா எப்படி?"

இங்கா அதற்குள் நிகழ்ச்சி நிரலை எட்டிப் பிடித்து, அதன் மூன்றாவது அம்சத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. அதே பத்து மணிக்கு, அடுப்பங்கரையில் மாரிட் கால் ஸ்பூன் ஊட்டினாள். இங்கா ஸ்பூனை விடவில்லை.

பன்னிரண்டு அடித்தபோது மாரிட் அன்று வாந்தி தொடங்கிய நேரக் கணக்கை நினைத்துக்கொண்டு குழந்தையின் உதட்டு நிறத்தையே பார்த்தாள். இங்கா ஓர் ஏப்பம் விட்டாள். ஒரு மணிக்கு நன்றாகச் சிரித்தாள். கூட்டத்திலோ அனல் பறந்தது. 'காலம் இன்னும் கனியவில்லை' என்று இரண்டு மணிக்குத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மாரிட் குழந்தையோடு வரவேற்பறைக்கு வந்தாள். "அவ சாப்பிட்டாச்சு."

லீஃபின் முகம் வெளுத்தது. "எப்போ?"

"பத்து மணிக்கு. நாலு மணி நேரம் ஆச்சு. ஒண்ணும் ஆகல."

லீஃப் மகளை வாங்கி, நெற்றி தொட்டு, வயிறு தொட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது.

ஆர்னே பேனாவைத் தூக்கினார். "இதைக் குறிப்புல எப்படி எழுதறது, அண்ணி?"

"உங்க குறிப்பு நாப்பது பக்கத்தையும் படிச்சேன்" என்றாள் மாரிட். "ஸ்பூனோட எடைகூட இருக்கு. குழந்தைக்குப் பசிச்சுதுன்னு ஒரு வரி இல்ல. அதை எழுதுங்க."