‘நிதானம்’ என்று எழுதிய கேக்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து காத்துக்கிடந்த மகத்தான நிகழ்வு, போக்குவரத்து அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில், புதன்கிழமைதோறும் மாலை சரியாக ஆறு மணிக்கு நடந்துவந்தது. அதன் பெயர் ‘இளம் ஓட்டுநர் மனப்பான்மை மாற்ற வகுப்பு’. வேகமாக வண்டி ஓட்டிக் கேமராவில் சிக்கிய இளைஞர்களை அங்கே உட்காரவைத்து, அவர்களுடைய பழைய மனப்பான்மையை வாங்கிக்கொண்டு புதியது ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள்.

வகுப்புக்கு ஒரே ஒரு விதி. ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவருக்கு ஓட்டுநர் உரிமம் மூன்று மாதத்துக்கு முடக்கம். நேரந்தவறாமைதான் பாதுகாப்பின் தாய் என்று பயிற்சியாளர் அடிக்கடி சொல்வார். தந்தை யார் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை.

அந்த நகரத்தின் அலுவலகங்கள் ஐந்தரைக்கு விடும். அங்கிருந்து, சாலையோரப் பலகையில் எழுதியிருக்கும் வேகத்தில் வண்டி ஓட்டினால், ஆறேகாலுக்கு வகுப்புக்கு வந்து சேரலாம். ஆனாலும் மாணவர்களில் ஒருவர்கூடத் தாமதமாக வந்ததில்லை. இளைஞர்களிடம் பாதுகாப்பின் மேல் எவ்வளவு ஆர்வம் பாருங்கள் என்று பயிற்சியாளர் மேலிடத்துக்கு இதைப் பெருமையாகத் தெரிவித்திருந்தார்.

அந்த ஆர்வம் இல்லாத ஒரே ஆள், பேக்கரி வேன் ஓட்டும் ஓர் இளைஞன். வகுப்பில் அவனுக்குப் ‘பன்னு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பேக்கரி அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்குச் சொந்தம். மாமா தயக்கமில்லாமல் சொல்லிவிட்டார்: உரிமம் போனால் வேனுக்கு வேறு ஆள். உள்ளே மாவு பிசையவும் வைத்துக்கொள்ள முடியாது. மாவுத் தூசி பட்டால் பன்னுக்குத் தும்மல் நிற்காது, தும்முகிற ஆளை வைத்துக்கொண்டு எந்தப் பேக்கரியும் நடத்த முடியாது. ஆக, பன்னுவின் பிழைப்பு முழுவதும் சட்டைப் பையில் இருந்த அந்தச் சின்ன அட்டையில் இருந்தது.

அவன் வண்டி ஓட்டும் அழகு தனி. பின்னால் மூன்றடுக்குக் கேக் நிற்கும்போது வேகத்தடை மேல் ஏறினால், நோயாளியைப் படுக்கையில் திருப்பிப் படுக்கவைப்பதுபோல ஏற்றி இறக்குவான். திருப்பத்தில் கிரீம் ஒரு பக்கமாகச் சாயும் என்பது அவனுக்கு உறக்கத்திலும் நினைவிருக்கும். பிறகு எப்படிக் கேமராவில் சிக்கினான் என்றால், ஒருநாள் காலித் தட்டுகளோடு திரும்பி வரும்போது, இறக்கத்தில், கேக் இல்லாத நிம்மதியில் கொஞ்சம் பாடிவிட்டான். பாட்டின் வேகத்துக்கு வண்டியும் ஓடியது. அன்றிலிருந்து தனக்குள் ஒரு கொலைகாரன் ஒளிந்திருக்கிறானோ என்று அவனுக்குச் சந்தேகம். புதன்கிழமை என்றால் நாலரைக்கே கிளம்பி வந்து, வகுப்பறை வாசலில் நின்று, அந்தக் கொலைகாரனைக் கண்காணித்துக்கொண்டிருப்பான்.

வகுப்பின் நட்சத்திரம் ‘ராக்கெட்’ என்கிற பெண். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து இழப்பீட்டுப் பிரிவில் வேலை. அவள் தன் கொள்கையை முதல் நாளே தெளிவுபடுத்திவிட்டாள்.

“நான் வேகமாத்தான் சார் போவேன். ஆனா பத்திரமா வேகமா போவேன். மெதுவா போறவங்கதான் குறுக்க நின்னுக்கிட்டு நம்மளை டென்ஷன் பண்றாங்க.”

பயிற்சியாளர் இதைப் ‘பொறுப்பான வேகம்’ என்று பலகையில் எழுதி அடிக்கோடிட்டார். அடுத்து ஒருவன், வேக வரம்பெல்லாம் சாலை தெரியாதவர்களுக்கு என்றான். இன்னொருவன், தன் கார் மெதுவாகப் போனால் நடுங்குகிறது, அதன் உடல்நலத்துக்காகத்தான் தான் விரட்டுவதாகச் சொன்னான். எல்லாவற்றையும் பயிற்சியாளர் கனிவோடு கேட்டுக்கொண்டு, மனப்பான்மைச் சோதனையின் முக்கியமான கேள்விக்கு வந்தார்: இந்த அறையில் மற்றவர்களைவிட நன்றாக ஓட்டுகிறவர்கள் கை தூக்கலாம்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பயிற்சியாளரின் கையும் பழக்கதோஷத்தில் உயர்ந்தது. பன்னுவின் கை மட்டும் மேசைமேல் இருந்தது.

“ஏம்ப்பா, உனக்கென்ன?”

“தெரியல சார். இவங்க ஓட்டி நான் பார்த்ததில்ல. நான் ஓட்டுறதையும் வெளிய நின்னு பார்த்ததில்ல.”

தன்னம்பிக்கை இல்லாத ஓட்டுநர் சாலைக்கே ஆபத்து என்று பயிற்சியாளர் அன்று ஒரு மணிநேரம் பேசினார். பன்னு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

கடைசி வகுப்பு நிறைவு விழாவாக நடக்க இருந்தது. துறையின் பெரிய அதிகாரி சிறப்பு விருந்தினர். அவர் கையால் கேக் வெட்டிச் சான்றிதழ் தருவதாக ஏற்பாடு. கேக்குக்குப் பன்னுவின் பேக்கரியிலேயே சொல்லியாயிற்று. வெள்ளைக் கிரீமில், சிவப்பு எழுத்தில், ‘நிதானமே உயிர்’ என்று எழுத வேண்டும். அதைக் கொண்டுவரும் பொறுப்பும் பன்னுவுக்கு. இது அவனுக்கு அளிக்கப்படும் கௌரவம் என்று பயிற்சியாளர் சொன்னதை அவன் நம்பினான்.

விழாவன்று நாலரைக்கு வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது போன் வந்தது. சிறப்பு விருந்தினரின் பதவியையும் கேக்கில் எழுத வேண்டும் என்றார் பயிற்சியாளர். அவருடைய பதவி நீளமானது. ‘இணை’, ‘கூடுதல்’, ‘பொறுப்பு’ என்று மூன்று வார்த்தைகளுக்குப் பிறகுதான் பதவியே ஆரம்பிக்கும். கேக்கின் ஒரு பக்கத்தை வழித்து, மறுபடி கிரீம் பூசி, எழுதி, அது இறுகக் காத்திருந்து, வேன் கிளம்பும்போது ஐந்தேகால் ஆகிவிட்டது. “பார்த்துப் போடா” என்றாள் அக்கா. “சீக்கிரம் போடா” என்றார் மாமா. தம்பதிக்குள் எந்த விஷயத்திலும் கருத்து ஒற்றுமை கிடையாது.

இருந்தாலும் ஆறுக்கு இரண்டு நிமிடம் முன்னால் போய்விடலாம் என்று பன்னு கணக்குப் போட்டான். போன் வராமல் இருந்திருந்தால் போயிருப்பான்.

முதல் அழைப்பு பாலத்துக்கு முன்னால் வந்தது. ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாது என்பது மூன்றாவது பாடம். பன்னு கண்ணாடியைப் பார்த்து, விளக்குப் போட்டு, ஓரமாக ஒதுங்கி, வண்டியை நிறுத்தி, அப்புறம் எடுத்தான்.

“எங்கப்பா இருக்க? விருந்தினர் வந்துட்டார். கொஞ்சம் மிதிச்சு வாப்பா.”

“சார், பின்னால கேக் இருக்கு சார்.”

“கேக்குக்காகத்தான்ப்பா சொல்றேன்.”

வண்டியை மறுபடி சாலையில் சேர்க்க இடம் கிடைப்பதற்குள் கையிருப்பில் இருந்த இரண்டு நிமிடமும் போய்விட்டது. சந்தைத் திருப்பத்தில் மறுபடி மணி அடித்தது. மறுபடி விளக்கு, ஓரம், நிறுத்தம். பயிற்சியாளர் இந்தமுறை இன்னும் எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். நீங்கள் கூப்பிட்டதால் நிற்கிறேன் என்று அவன் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் வைத்துவிட்டார். மூன்றாவது அழைப்பு மாமாவுடையது. அலுவலகத்திலிருந்து கடைக்கே பேசிவிட்டார்களாம், மானம் போகிறதாம். அவன் ஓரமாக நின்று மாமாவின் மானம் போவதை முழுவதும் கேட்டுவிட்டுக் கிளம்பினான். அப்போது ஒரு சிவப்புக் கார் அவனை உரசுவதுபோலத் தாண்டிச் சென்றது. ஜன்னல் வழியாக ராக்கெட் உற்சாகமாகக் கை காட்டினாள். “கதவைச் சாத்திருவாங்க பன்னு” என்று கத்திய குரல் அவனிடம் வந்து சேரும்போது கார் அங்கே இல்லை.

சாத்தித்தான் இருந்தது. கேக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கதவைத் தட்டக் கை இல்லாமல், பன்னு வெளியே நின்றான். உள்ளே கைதட்டல் கேட்டது. சிறந்த மனப்பான்மைக்கான பரிசு ராக்கெட்டுக்கு. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. சிறப்பு விருந்தினர் கேக்கைப் பார்த்து, தன் பதவியைப் படித்து, ஓர் எழுத்தும் கலையவில்லையே என்று வியந்து, அடுத்த பாதுகாப்புக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று படியில் இரண்டு இரண்டாக இறங்கி ஓடினார்.

பயிற்சியாளர் வேதனையோடு பன்னுவின் உரிமத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“சார், நீங்க போன் பண்ணதாலதான் சார்...”

“அதெல்லாம் சாக்குப்பா. மனப்பான்மைதான் முக்கியம். உங்கிட்ட ஒரு வேகமே இல்ல.”

சொன்னவரின் போன் அடித்தது. அந்தக் கூட்டத்தில் வைத்தே வெட்டிக்கொள்ளலாம், கேக்கை உடனே அனுப்பி வை என்று விருந்தினர் சொன்னார். அனுப்ப வேன் இருந்தது, உரிமம் உள்ள ஓட்டுநர் இல்லை. ஒரு நிமிடம் முன்னால்தான் அவரை இல்லாமல் செய்திருந்தார்கள். “சாவியைக் கொடு” என்றார் பயிற்சியாளர். “நீ கேக்கைப் பிடிச்சுக்க.”

பன்னு பக்கத்து இருக்கையில், கேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு நடந்ததை அவன் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டான். பயிற்சியாளர் ஒரு கையால் ஓட்டினார். இன்னொரு கையில் போனைப் பிடித்து, “வந்துட்டே இருக்கேன் சார்” என்று பேசினார். முதல் வேகத்தடையில் ‘உயிர்’ பன்னுவின் சட்டையில் ஏறியது. சந்தைத் திருப்பத்தில் ‘நிதானம்’ அவன் முகத்துக்கு வந்தது. இறக்கத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் மூடிய இமைக்குள் தெரிந்தது. பன்னு அந்த வெளிச்சத்தை அடையாளம் கண்டுகொண்டான்.

கேமராப் படம் துறைக்குப் போனது. துறை அதை மிகுந்த பொறுப்போடு ஆராய்ந்தது. ஓட்டுநர் தாமதமாக வந்ததால்தான் பயிற்சியாளர் வேகமாகப் போக நேர்ந்தது என்றும், ஆகவே நடந்த வேகத்துக்கு மூலகாரணம் ஓட்டுநரின் மெதுவான போக்கே என்றும் முடிவாயிற்று. மூன்று மாத முடக்கம் ஆறு மாதமானது. வேனுக்கு மாமா வேறு ஓர் ஆளை வைத்தார். முதல் வாரத்திலேயே மூன்று கேக் சரிந்தது. அதனால் பக்கத்துத் தெருக்களுக்கு வேண்டிய கேக்குகளைப் பன்னு நடந்தே கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்று அக்கா சண்டை போட்டு ஏற்பாடு செய்தாள்.

அப்படி ஒரு காலையில் கேக்கோடு சந்தைத் திருப்பத்தைக் கடக்கும்போதுதான் அவன் அந்தப் பெரிய விளம்பரப் பலகையைப் பார்த்தான். துறையின் புதிய பாதுகாப்புப் பிரசாரம். கேமரா எடுத்த அதே படம். ஓட்டுநர் இருக்கை இருந்த பக்கத்தைச் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது, கண்ணை இறுக மூடி, முகமெல்லாம் கிரீமும் சிவப்புமாக உட்கார்ந்திருந்த பன்னு மட்டும்.

கீழே பெரிய எழுத்தில் இருந்தது: “இவர் கொஞ்சம் நிதானமாகப் போயிருக்கலாம்.”