சஹனுக்குப் போகாத தலைவர்

முத்துலிங்கம் ஒரு விஷயத்தில் அசைக்க முடியாத உறுதியோடு இருந்தார். தனக்குக் காய்ச்சல் இல்லை.

உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. மூக்கின் இரு துளையும் அடைத்து, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனால் காய்ச்சல் இல்லை. இருக்கவும் கூடாது. ஏனென்றால் மறுநாள் மத்தியானம் கீழ்மாடி ஹுசைன் வீட்டில் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விருந்து. ஒரே பெருந்தட்டில் கூடியிருந்து சாப்பிடுகிற புரியாணிச் சஹன்!

வெள்ளவத்தையில் அந்த ஆறுமாடிக் கட்டிடத்தின் சங்கத் தலைவர் அவர். இன்புளுவென்சா பரவத் தொடங்கியதும் லிப்டுக்குள் அகப்பட்டவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தவர். "ஒரு தும்மல் எத்தினை பேரை விழுத்தும் தெரியுமோ? காய்ச்சல்காரன் அஞ்சு நாள் வீட்டுக்குள்ள இருக்கோணும்!" சனம் அவருக்குப் பயந்து படியால் ஏறத் தொடங்கியது. கட்டிடத்தில் முழங்கால் வலி பரவியதுதான் மிச்சம்.

"இஞ்சேருங்கோ, முகமெல்லாம் சிவந்து கிடக்கு," என்றாள் மனைவி ஜீவராணி.

"அது வெயில்."

"ரெண்டு நாளாய் மழையெல்லோ?"

"அப்ப மழை."

"காய்ச்சலப்பா!"

"பனடோல் போட்டன். காய்ச்சல் போயிட்டுது."

"பனடோல் சூட்டைத்தான் குறைக்கும், கிருமி உள்ளுக்குள்ள சுகமாய் இருக்கும் எண்டு மூண்டாம் மாடி மாக்ரெட் அக்காவுக்கு வகுப்பெடுத்தது ஆர்?"

"அது மாக்ரெட்டின்ர கிருமி. என்ர கிருமி சொல்வழி கேக்கும்."

ஜீவராணி விடவில்லை. "ஹுசைனும் றலியாவும் எட்டு வருஷம் காத்திருந்து பெத்த பிள்ளை. பிறந்து ஏழு நாள். அந்தக் குருத்து இதைத் தாங்குமே? சஹனில ஆறு பேர் ஒரே தட்டில கை வைக்கிறது. நீங்கள் போய்க் குந்தினால் மற்ற அஞ்சு பேரும் வருத்தத்தை வீட்ட கொண்டு போவினம்."

"நீர் சும்மா இரும். எனக்கு ஒண்டுமில்லை."

இருபத்தாறு வருஷத்தில் அவரை வாதத்தால் வென்றவர் கிடையாது. அது ஜீவராணிக்குத் தெரியும். அவள் நேரே குசினிக்குள் போனாள்.

மறுநாள் காலை முத்துலிங்கம் ஸ்திரி போட்ட சேட்டோடு கண்ணாடி முன்னால் நின்றார். ஜீவராணி ஒரு கோப்பையோடு வந்தாள்.

"றலியா வட்டிலப்பம் அனுப்பியிருக்கிறா. தலைவர் ருசி பார்த்துச் சொன்னால்தான் பந்திக்கு வைப்பாவாம்."

தலைவருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. பிறகு கோப்பையையே சுரண்டினார்.

"ஆகா! முட்டை, தேங்காய்ப்பால் எல்லாம் அளவு. ஏலக்காய் வாசம் உச்சிக்கு ஏறுது!"

"வாசம் வடிவாய்த் தெரியுதோ?"

"மூக்கைத் துளைக்குது."

"அது பூசணிக்காய்."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அவிச்சு மசிச்சுக் கித்துள் பாணி விட்டது. ஏலக்காய் ஒண்டும் இல்லை. ஆறு பல்லு உள்ளி இடிச்சுப் போட்டிருக்கிறன். அந்த நாத்தத்துக்கு நானே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கிண்டினனான். நீங்கள் சுரண்டிச் சாப்பிடுறியள். இந்தாங்கோ, தேர்மோமீட்டர்."

நூற்றிரண்டு.

முத்துலிங்கம் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். அந்தப் பச்சைக் குழந்தையின் முகம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியால் வந்த அன்று றலியா லிப்டுக்குள் துணியை விலக்கிக் காட்டியிருந்தாள். ஒரு கைப்பிடி முகம். இன்றைக்குப் போய் அதன் பக்கத்தில் தும்மியிருந்தால்?

"நான் போகேல்லை," என்றார் மெல்ல. பிறகு, "ஆனால் தலைவருக்கே காய்ச்சல் எண்டால் சனம் சிரிக்கும். நீர் அவையளுக்கு வேற மாதிரி ஏதும் சொல்லும்."

"கௌரவமாய்ச் சொல்லுறன். உங்களோட இருந்த நானும் போகேலாது." ஜீவராணி மாஸ்க்கைப் போட்டாள். அவரை அறைக்குள் விட்டு, ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தினாள். வெளியே அவள் போனில் கதைப்பது அரைகுறையாய்க் கேட்டது. "ஓம் றலியா... பிள்ளைக்காகத்தான்... அவராகவே சொன்னவர்..."

மத்தியானம் கீழேயிருந்து ஹுசைனின் குரல் மைக்கில் எழும்பியது.

"எங்கட தலைவருக்கு ஒடம்புக்குச் சரியில்ல. எங்கட புள்ளைக்கு வந்திரப்படாதுண்டு அவராவே வீட்டுல இருந்துட்டார். இப்பிடி ஒரு பெரிய மனசு யாருக்கு வரும்? அல்லாஹ் அவருக்கு நல்ல சொகத்தக் குடுக்கணும்!"

"ஆமீன்!" என்று கட்டிடமே அதிர்ந்தது. முத்துலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காய்ச்சல் வந்ததே நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

வாசல் மணி அடித்தது. பாத்திரம் வைக்கிற சத்தம். மூடி திறக்கிற சத்தம். அவர் கதவில் காதை வைத்தார்.

"இஞ்சேரும், சாப்பாடு வந்திட்டுதோ?"

"ஓம். எனக்கு மட்டும்."

"என்ர பங்கு?"

"அதை மாளிகாவத்தையில கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளையளுக்குக் குடுக்கச் சொன்னீங்கள்."

"நானோ? எப்ப?"

"நீங்கள் சொல்லேல்லை, நீங்கள் சொன்னதெண்டு நான் றலியாவுக்குச் சொன்னனான். பின்ன, ஹுசைன் பெரிய மனசு எண்டு சும்மாவே மைக் பிடிச்சவர்?" என்று சொல்லி, கதவிடுக்கால் கஞ்சிக் கோப்பையை உள்ளே தள்ளினாள் ஜீவராணி.